ஊசி நாளில் தேநீர்

இறங்கியிருக்க வேண்டிய எண் ஏறியிருந்தது. இரண்டு சுற்று ஊசி போட்டும் சுமியேவின் ரத்தத்தில் அந்தப் பாழாய்ப்போன புரதம் மூன்றிலிருந்து நாலரைக்குப் போயிருந்தது. எலும்பு மஜ்ஜையில் புற்று; அது சுரக்கும் புரதம்தான் அது. காரில் உட்கார்ந்து வர முடியாத வலி என்பதால் முடிவைக் கேட்க அவள் கணவர் ஓமுரா தோகுஜி மட்டும் வந்திருந்தார்.

"இன்னும் ஒரு சுற்று பாப்போம். அதுக்கும் கேக்கலேன்னா, அவங்க சிறுநீரகம் இருக்கிற நிலையில வேற மருந்து கஷ்டம்," என்றார் டாக்டர்.

எங்கள் ஜப்பானில் டாக்டர்கள் கஷ்டம் என்றால் முடியாது என்று அர்த்தம். எழுபதை நெருங்கும் தோகுஜிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தலையைக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். எதற்கு நன்றி என்று வராந்தாவில் நின்று தன் மேலேயே எரிந்து விழுந்தார்.

மருந்தகத்திலிருந்து நகுரா என்ற பெண் அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். ஊசி மருந்து கலந்து கொடுப்பவள் அவள்தான். கையில் சிகிச்சை தொடங்கிய நாளில் அவர் நிரப்பிக் கொடுத்த படிவம். சத்து மாத்திரை, வைட்டமின், கைமருந்து ஏதாவது நோயாளி சாப்பிடுகிறாரா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பெரிதாக எழுதியிருந்தார்.

"நிஜமாவே ஒண்ணும் இல்லையா, ஓமுரா-சான்?"

"பொய் எழுதுவேனா? சோறு, சூப்பு, டீ. அவ்வளவுதான்."

"டீயா?"

"டீ விளையிற ஷிசுவோகாவில இருந்துக்கிட்டு டீயான்னு கேக்கறியேம்மா! தண்ணி குடிக்கிறாங்களான்னு கேப்பியா?"

அவள் சிரிக்கவில்லை. "எவ்வளவு குடிக்கிறாங்க?"

அந்த நேரத்திலும் தோகுஜிக்குப் பெருமை பொத்துக்கொண்டு வந்தது. "எங்க தோட்டத்து முதல் பறிப்பு. இலையோட அரைச்சுக் கெட்டியா மூணு கிண்ணம். ஊசி நாள்ல தெம்புக்கு ஒண்ணு கூட. புத்துக்கு டீ நல்லதுன்னு எங்க டீத் தோட்டக்காரங்க சங்கத்துல எல்லாரும் சொல்றாங்க."

நகுரா அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு அரவை எந்திரம் இருக்கு. புரோட்டியாசோம்னு பேரு. கெட்டுப்போன புரதத்து மேல ஒரு சீட்டை ஒட்டி அதுக்குள்ள தள்ளிவிட்டா, துண்டு துண்டா நறுக்கிடும். இந்தப் புத்துச் செல் ராப்பகலா புரதம் பண்ணித் தள்ளுது. அதனால குப்பையும் ஜாஸ்தி. நம்ம ஊசி அந்த எந்திரத்தோட பல்லுல போய்ச் சிக்கிக்கும். குப்பை தேங்கித் தேங்கி செல்லு செத்துப்போகும்."

"எங்க டீ ஃபேக்டரியில உருட்டு எந்திரம் நின்னுபோனா, அவிச்ச இலையெல்லாம் குமிஞ்சு புழுங்கி நாறிப்போகுமே, அது மாதிரி."

"அதேதான். ஆனா பச்சை டீயில இருக்கிற ஒரு சத்து, அந்த மருந்தை வழியிலேயே கட்டிப் பிடிச்சுக்குது. எந்திரம்கிட்டப் போகவே விடாது. எலிக்குக் கொடுத்துப் பாத்திருக்காங்க. மனுஷங்களுக்கு உறுதியாச் சொல்ல முடியாது. இருந்தாலும் வேண்டாம். டீயைப் பத்தி நாங்க தனியாக் கேட்டிருக்கணும்."

ஆற்றோரமாகவே வீட்டுக்குப் போகும் சாலை. பாதி வழி வரைக்கும் காரை ஆற்றில் விட்டுவிடலாமா என்றிருந்தது தோகுஜிக்கு. பாவி, பாவி என்று ஸ்டியரிங்கைக் குத்தினார். அவளைக் காப்பாற்றக் கொடுத்த கையே அவளுக்கு எமனாயிற்றே!

சுரங்கப்பாதையைத் தாண்டும்போது நெஞ்சில் வேறொரு நினைப்பு எழுந்தது. டீதான் காரணம் என்றால், மருந்து இன்னும் தோற்கவில்லையே! அது போய்ச் சேரவே இல்லை. டீயை நிறுத்தினால் போதும், வரப்போவதுதான் நிஜமான முதல் சுற்று. குற்றவாளி நான்தான், இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவர் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். அந்தப் பழியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவருக்கு வயது பத்து குறைந்திருந்தது.

படுத்திருந்த சுமியேவின் முன்னால் மண்டியிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்தார்.

"என்னங்க இது, நான் இன்னும் சாகலையே," என்றாள் அவள்.

எண்ணையும் டாக்டர் சொன்னதையும் நகுரா சொன்னதையும் ஒரே மூச்சில் கொட்டினார். "நான்தான் கெடுத்தேன். இனிமே ஒரு சொட்டு டீ கிடையாது. மருந்து வேலை செய்யும் பாரு. என்னை மன்னிச்சிடு."

அவள் முகத்தில் கோபத்தைத் தேடினார். இல்லை.

"நான் குடிக்கலைங்க."

"என்ன?"

"முதல் ஊசியிலேருந்தே வாயெல்லாம் துருப்பிடிச்ச இரும்பாட்டம் இருக்கு. உங்க டீயை மோந்தாலே குமட்டும். நீங்க கிண்ணத்தை வெச்சிட்டு ஃபேக்டரிக்குப் போனதும், சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே போய்த் தொட்டியில ஊத்திடுவேன். சொன்னா உங்க முகம் வாடிப்போகும்."

"ஊசி நாள்லயுமா?"

"எல்லா நாளும்தான்."

வேறொருவனாக இருந்தால், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூச்சு விட்டிருப்பான். தோகுஜிக்கு மூச்சே வரவில்லை. அப்படியானால் மருந்தை யாரும் மறிக்கவில்லை. ஒவ்வொரு ஊசியும் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. போயும் எண் ஏறியிருக்கிறது.

"ஒரு வாய்? எனக்காக ஒரு வாயாவது குடிச்சிருப்பே. நல்லா யோசிச்சுப் பாரு."

"இல்லைங்க."

ஊசியால் மரத்துப்போன அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார். "குடிச்சேன்னு சொல்லு, சுமியே. நீங்கதான் கெடுத்தீங்கன்னு என்னைத் திட்டு. உன் கால்ல விழறேன், குடிச்சேன்னு சொல்லு."

சுமியே அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதைக் கேட்கிறார் என்பது அவளுக்கு மெல்லப் புரிந்தது. நோயின் பெயரைக் கேட்ட நாளில்கூட அவள் அழுததில்லை.

"குடிச்சுத் தொலைச்சிருக்கலாம்ங்க," என்று சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள்.