சில்லறை வீட்டுக்கு வந்தது

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு முதலில் வேண்டியது குரல் என்று அவள் நம்பியிருந்தாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு" என்று அவள் போடும் சத்தத்தில் எதிரே வருகிற வண்டிகளும் நின்றுவிடும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரல் இறங்காது. கணவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டால் மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய நாத்தனார், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், விலங்குக் காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பழுப்பு நிறம். இரண்டு கையில் அள்ளினால் அடங்கிவிடும் உடம்பு. ஒரு காதின் நுனி இல்லை. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டில், பூட்டிய குளியலறைக்குள் கிடந்ததாம்.

"நாய் கொண்டு வரேன்னு சொல்லியிருந்தா நானே வேண்டாம்னிருப்பேன். இது என்ன, சில்லறையால்ல இருக்கு" என்றாள் அவள். வழக்கமான குரல்தான். நாய் நின்ற இடத்தை நனைத்துவிட்டுச் செருப்பு அலமாரிக்கு அடியில் போய் ஒடுங்கியது. சில்லறை என்ற பெயர் நிலைத்துவிட்டது. நாய்தான் வெளியே வரவில்லை.

நாத்தனார் கிண்ணத்தை வைத்தால் சாப்பிட்டது. கணவர் நடந்தால் காதை மட்டும் தூக்கிப் பார்த்தது. இவள் வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டாலே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. நாய் வேண்டாம் என்று சொன்னவள்தான். ஆனால் நாயும் தன்னை வேண்டாம் என்று சொல்லும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. சுருக்கென்று தைத்தது.

காப்பகத்து அம்மா ஒரு மாலை விசாரிக்க வந்தார். நாயைப் பார்க்கக்கூட இல்லை. நேரே தரையில் உட்கார்ந்தார்.

"நாயைப் பழக்கறது அப்புறம். முதல்ல நீங்க பழகணும்" என்றார். "கூப்பிடாதீங்க. குனிஞ்சு பார்க்காதீங்க. முதுகைக் காட்டித் தரையில உக்காருங்க. பக்கத்துல ஒரு துண்டு வேகவெச்ச கறிய போட்டுட்டு உங்க வேலைய பாருங்க. வரணும்னு தோணினா அதுவே வரும்."

"வரலேன்னா?"

"மறுநாளும் உக்காருங்க."

ஊருக்கே பாடம் எடுக்கிறவளுக்கு ஒரு நாயிடம் பாடமா என்று முணுமுணுத்தாள். ஆனாலும் உட்கார்ந்தாள். துவைத்த துணிகளை மடியில் போட்டு மடித்தபடி, அலமாரிக்கு முதுகைக் காட்டி, தினமும் மாலையில் உட்கார்ந்தாள். முட்டி வலித்தது, கால் மரத்தது. சும்மா உட்கார்ந்தபோதுதான் தன் வீடு எவ்வளவு சத்தமான வீடு என்று காதில் விழுந்தது. பாத்திர மூடி, கதவு, போனில் பேசுகிற கணவர்.

"அண்ணி, மூச்சு கொஞ்சம் மெதுவா விடுங்களேன்" என்றாள் நாத்தனார்.

"விடாமலே இருந்துடறேன், திருப்தியா?" என்றாள் இவள். ஆனால் அதைக் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். சமையலறையில் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு ஒரு மாலை, முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. திரும்பிப் பார்க்க உடம்பெல்லாம் துடித்தது. திரும்பவில்லை. தலையணை உறையை நிதானமாக மடித்தாள். கறித்துண்டு காணாமல் போயிருந்தது.

அதற்கப்புறம் வேலை அவளுக்குத் தெரிந்த வேலையாகிவிட்டது. மேட்டில் வண்டி நின்றுபோய்ப் பயந்தவனைத் திரும்பவும் மேட்டில் ஏற்றக் கூடாது. சமதரையில் நாலு முறை ஓட்டவிட வேண்டும். நாயும் அப்படித்தான். பாயில் உட்கார்ந்தால் ஒரு துண்டு. "வா" என்று மெல்லச் சொல்லி, வந்தால் ஒரு துண்டு, காதுக்குப் பின்னால் ஒரு சொறி. நன்றாகப் போகும்போதே பாடத்தை முடித்துவிடுவாள். ஒருநாள் தட்டு விழுந்து உருண்டதும் எல்லாம் பழைய குருடியாகி, நாய் அலமாரிக்கு அடியில் போனது. இன்னொரு நாள் கணவரின் மூக்குக்கண்ணாடியைக் கடித்து வைத்தது. அவள் திட்டவில்லை. கணவருக்குத்தான் அதில் வருத்தம்.

கழுத்துப்பட்டையில் வார் மாட்டி நிலைப்படி வரை நடத்தினார்கள், பிறகு மாடிப்படி வரை, பிறகு வெளிக்கதவு வரை. அந்த வெளிக்கதவில்தான் வினை வந்தது. மாடிவீட்டில் ஓடு மாற்றுகிறவர்கள் உடைந்த ஓடுகளைக் கீழே கொட்டினார்கள். அந்தச் சத்தத்தில் நாய் தலையை உருவிக்கொண்டு ஓட, நாத்தனார் கையில் கழுத்துப்பட்டை மட்டும் தொங்கியது.

தெருவே அதன் பின்னால் ஓடியது. "சில்லறை, சில்லறை" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, சட்டைப்பையைத் தடவி, "எவ்வளவுக்கு வேணும்?" என்றார். நாத்தனார் அழுதுகொண்டே ஓடினாள்.

நாயை இவள்தான் கண்டாள். நிறுத்தியிருந்த சரக்கு வேனின் பின்சக்கரத்தை ஒட்டி அடியில், நடுங்கிக்கொண்டு. அதே நேரம் ஓட்டுநர் கதவைத் திறந்து ஏறப் போனார். அவள் தொண்டை வரை குரல் வந்துவிட்டது. அதை விழுங்கினாள். கையை மட்டும் உயர்த்தினாள். ஓட்டுநர் அவளைப் பார்த்தார், அவள் காட்டிய இடத்தைப் பார்த்தார், சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவள் ரோட்டிலேயே, வேனுக்கு முதுகைக் காட்டி, சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். கணவர் வாயில் விரலை வைத்து வந்தவர்களையெல்லாம் நிறுத்தினார். பின்னால் வந்த வண்டிகள் வளைந்து போயின.

"வா" என்றாள், பாயருகே சொல்வதுபோல.

ஒன்றும் நடக்கவில்லை. வெயில் பிடரியில் சுட்டது. மறுபடி சொல்லவில்லை. பயந்தவர்களுக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பின்பு, தொடையை உரசிக்கொண்டு ஒரு சின்ன கனம் மடியில் ஏறி, அவள் கைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டது. இதயம் தடதடவென்று அடித்தது. யாருடையது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "நான் கொண்டு வந்த நாய் அண்ணி. உங்க மடிக்குத்தான் வருது."

"நீ ஓடினே. ஓடறவங்க துரத்தறாங்கன்னு அது நெனக்குது. நாளையிலேர்ந்து நீயும் உக்காரு. நெஞ்சோட மாட்டற பட்டை ஒண்ணு வாங்கிட்டு வரலாம், கழுத்துல வேண்டாம்."

மறுநாள் காலையும் மாடியில் ஓடு விழுந்தது. சில்லறை செருப்பு அலமாரியை நோக்கிப் பாய்ந்தது. பாதி வழியில் நின்றது. திரும்பி, துணி மடித்துக்கொண்டிருந்த இருவரையும் பார்த்தது. பிறகு வந்து இருவருக்கும் நடுவில் படுத்து, நாத்தனாரின் பாதத்தின்மேல் மோவாயை வைத்துக்கொண்டது. நாத்தனார் அந்தக் காலை அசைக்கவே இல்லை.