யாரும் தொடாத பம்பு

மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிற ஹெரன் பாயின்ட் அணுமின் நிலையத்தில் டுவேன் ஜாஸ்ட்ரோ பராமரிப்புப் பிரிவின் தலைவர். எத்தனையோ இயந்திரங்கள் அவர் பொறுப்பில் இருந்தாலும், கீழ்த்தளத்து அறையில் இருந்த அந்த ஒரு பம்பின்மேல்தான் அவருக்கு உயிர்.

சும்மா இல்லை அந்தப் பாசம். வெளி மின்சாரம் அறுந்தால் உலை தானாக நின்றுவிடும். நின்ற பிறகும் அதன் சூடு லேசில் அடங்காது. விடாமல் தண்ணீர் கொடுத்து ஆற்ற வேண்டும். எல்லா மின்சாரமும் கைவிட்டாலும், உலையின் சூட்டில் பிறந்த நீராவியிலேயே சுழன்று தண்ணீர் தள்ளுவதற்கென்று இருப்பது அந்தப் பம்பு. வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கும். கூப்பிட்ட நிமிஷம் எழுந்து ஓட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஓட்டிச் சோதிப்பார்கள். சோதனைக்கு முந்தின நாள் டுவேனின் ஆட்கள் பம்பு அறைக்குப் போவார்கள். நீராவிக் குழாயில் தேங்கின தண்ணீரை வால்வைத் திறந்து வடிப்பார்கள், பம்பின் சுழல்தண்டைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிடுவார்கள், மூட்டுகளுக்கு எண்ணெய் விடுவார்கள். பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கிற நாளில் பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதில்லையா, அந்த மாதிரி. மறுநாள் பம்பு ஜம்மென்று ஓடும். நிலையத்தின் பாதுகாப்பு மதிப்பீட்டில் எல்லாக் கட்டமும் பச்சையாகவே இருக்கும்.

மார்லிஸ் ட்வெய்ட் அரசாங்கத்தின் கண்காணிப்பு அதிகாரி. அந்த நிலையத்திலேயே அவளுக்கு ஓர் அறை உண்டு. எந்தக் கதவையும் யாரையும் கேட்காமல் திறக்கலாம். ஆனால் யாரோடும் சிநேகம் வைத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே மதுக்கடையில் பொரித்த மீன் தின்னக் கூடும்போது, நிலையத்து ஆட்கள் மேஜை மேஜையாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், அவள் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டுப் போவாள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த மார்லிஸ் ஒருநாள் பம்பு அறை வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே ஓர்வில் என்கிற பழைய மெக்கானிக் எண்ணெய்க் குப்பியோடு குனிந்திருந்தார். பக்கத்தில் டுவேன்.

"இது நாளைக்குச் சோதனைக்கா, டுவேன்?"

"ஆமா. எப்பவும் இப்படித்தான் செய்வோம். ஒரு தடவகூட படுத்தினதில்ல."

"விபத்து வந்தா முந்தின நாள் சொல்லி அனுப்புமா?"

ஓர்வில் நிமிராமலே சொன்னார்: "சொல்லி அனுப்பினா நல்லாத்தான் இருக்கும், இன்ஸ்பெக்டரம்மா. நான் லீவு போட்டுருவேன்."

மார்லிஸும் சிரித்தாள். சிரித்துவிட்டு, நாளைய சோதனை இருக்கட்டும், அடுத்த தடவை யாரும் தொடாமல், கிடக்கிறபடியே ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டாள். டுவேனுக்குச் சுருக்கென்றது. தூக்கத்தில் எழுப்பினாலும் அது ஓடும் என்று மார்தட்டி ஒப்புக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து அப்படியே ஓட்டினார்கள். நீராவி பாய்ந்ததும் பம்பு ஊளையிட்டுக்கொண்டு வேகம் எடுத்தது, அளவைத் தாண்டியது, 'டக்'கென்று நின்றுபோனது. டுவேன் முகத்தில் ஈயாடவில்லை.

பிரித்துப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. குழாயில் சேரும் தண்ணீரைத் தானாக வெளியேற்ற ஒரு சின்ன வடிப்பான் உண்டு. அது எப்போதோ அடைத்துப்போக, தேங்கின தண்ணீர் நீராவியோடு புகுந்து பம்பின் வேகத்தைக் குலைத்திருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் இவர்களே கையால் வடித்துவிட்டதால் அந்த அடைப்பு யார் கண்ணிலும் படவில்லை. அக்கறையாகச் செய்த வேலையே நோயை மூடி மறைத்திருந்தது.

மதிப்பீட்டில் பச்சைக்கு ஒரு படி கீழே வெள்ளை, அப்புறம் மஞ்சள், கடைசியில் சிவப்பு. ஹெரன் பாயின்டுக்கு வெள்ளை விழுந்தது. வெளியூர்க்காரருக்கு அது சின்ன விஷயம். டுவேனுக்கோ நெற்றியில் கரும்புள்ளி குத்தினாற்போல் இருந்தது. மதுக்கடையில் யாரோ, இன்றைக்கு மீனைப் பொரிப்பதற்கு முந்தின நாளே எண்ணெய் தடவி வைத்தீர்களா என்று சமையல்காரரைக் கேட்க, கடையே சிரித்தது. டுவேன் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார்.

வடிப்பானை மாற்றினார்கள். தண்ணீர் தேங்காதபடி குழாயின் சரிவையும் திருத்தினார்கள். பழுது பார்த்த கையோடு ஓட்டினார்கள், ஓடியது. ஆனால் அதுவும் தலை வாரின பிள்ளைதானே? வாரக்கணக்கில் சும்மா கிடந்தபின், யார் கையும் படாமல், கூப்பிட்டதும் ஓடுமா? டுவேனின் நெஞ்சில் அந்த ஒரு கேள்விதான் உட்கார்ந்திருந்தது. ஏப்ரலில் மதிப்பீட்டுக் குழு வந்து கேட்கப்போவதும் அதைத்தான்.

குழாய் திருத்துவதுகூடச் சுலபமாக முடிந்தது. கையைக் கட்டிப்போடுவதுதான் பெரும்பாடு. இயந்திரத்தைத் தடவித் தடவியே வளர்ந்த கைகள் இல்லையா! துணியோடு அந்தப் பக்கம் சுற்றிய ஓர்விலை டுவேன் இரண்டு தடவை பிடித்தார். கடைசியில் அறையைப் பூட்டி, ஒரு சாவியைக் கட்டுப்பாட்டு அறையில் கொடுத்துவிட்டு, மற்றதைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மார்ச் மாதம் ஒரு மத்தியான நேரம். காலையில் தூறலாக ஆரம்பித்த மழை கம்பிகளில் பனிக்கட்டியாக உறைந்தது, ஏரியிலிருந்து ஒரு பேய்க்காற்று கிளம்பி அந்தக் கம்பிகளை அறுத்துப் போட்டது. கேன்டீன் விளக்குகள் அணைந்து, மறுபடி மங்கலாக எரிந்தன. உலை நின்றுவிட்டது என்று ஒலிபெருக்கி சொல்வதற்குள் டுவேன் முள்கரண்டியைப் போட்டுவிட்டுப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னாலேயே மார்லிஸ்.

பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் பம்பு ஊளையிட ஆரம்பித்திருந்தது. ஏறியது, இன்னும் ஏறியது. அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். டுவேன் சாவியைத் துவாரத்தில் நுழைத்தார். அடுத்த நொடி 'டக்'கென்று நிற்கப்போகிறது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நிற்கவில்லை. ஊளை இறங்கி, ஒரே சீரான இரைச்சலாகப் படிந்து, தரையெல்லாம் லேசாக அதிர்ந்தது. கதவைத் திறந்தார்கள். உள்ளே ஒரு மனிதரும் இல்லை. வேக முள் இருக்க வேண்டிய இடத்தில் அசையாமல் நின்றது, தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

மார்லிஸ் எல்லா அளவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அந்த இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"இதை யாராவது தொட்டாங்களா, டுவேன்?"

"யாரும் தொடல."

மூச்சிரைக்க வந்து நின்ற ஓர்வில் கையில் துணி இருந்தது. "நான் தொட்டிருப்பேன். இந்த மனுஷன் பூட்டித் தொலைச்சிட்டாரே!"

மார்லிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்கு நடந்தாள். அவளுக்கு இன்னும் பார்க்க வேண்டியது நிறைய இருந்தது.

மின்சாரம் திரும்பும்வரை பம்பு ஓடியது. செய்தி பரவி ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். டுவேன் வாசலில் நின்று அவர்களை இரண்டு இரண்டு பேராக உள்ளே விட்டார். வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். ஏப்ரலில் குழு வந்து எல்லாவற்றையும் துருவிப் பார்த்துவிட்டுப் பச்சை கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்தப் பச்சை அவருக்குக் கிடைத்தது அன்றைக்கே, அந்த வாசலில்.