சின்னவளின் எலும்பு

சின்னவளுக்குத் தொடை எலும்பில் புற்றுநோய். வலது காலை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பேருந்து ஓட்டிப் பிழைக்கிறவளுக்கு அந்தக் கால் போனால் என்ன மிஞ்சும்? சின்னவளோ அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"முழங்காலுக்குக் கீழ நல்லாத்தானே இருக்கு? உன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கோ."

"வாயை மூடுடி."

"ஊரார் எலும்பையெல்லாம் அறுக்கிற. என்னோடது மட்டும் கசக்குதா?"

பெரியவளின் வேலை அதுதான். எலும்புக்கு வலுவூட்டும் ஸ்ட்ரான்ஷியம் போன்ற அயனிகள் எலும்புக்குள் எவ்வளவு வேகமாக ஊடுருவுகின்றன என்று அளப்பது. எலும்பை நகக்கனத்துக்குச் சீவி, இரண்டு கண்ணாடி அறைகளுக்கு நடுவே சுவர்போலப் பொருத்துவாள். ஒருபுறம் மருந்துக் கரைசல், மறுபுறம் வெறும் தண்ணீர். அவ்வப்போது தண்ணீரில் சில சொட்டு எடுத்து, எவ்வளவு கடந்து வந்திருக்கிறது என்று பார்ப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருவதெல்லாம் வயதானவர்களின் எலும்பு. இளம் எலும்பு கிடைப்பது அத்தி பூத்தாற்போல.

கால் அகற்றப்பட்டு எலும்பு ஆய்வகத்துக்கு வந்தபோது தலைவர் தயங்கினார். "மனசு தாங்குமாம்மா? வேற யாராவது அறுக்கட்டுமே."

"அவ என்கிட்டதான் சார் குடுத்தா."

அவளே அறுத்தாள். ரம்பத்தின் இரைச்சலில் அவள் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

முடிவு வந்த அன்று நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"என் எலும்பு பாஸா, ஃபெயிலா?" என்றாள் சின்னவள்.

"இதுவரைக்கும் பார்த்ததுலயே உன்னோடதுலதான் ரொம்ப மெதுவாப் போகுது. அவ்வளவு கெட்டி. எதுவும் லேசுல நுழைய முடியல."

சின்னவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்துக் கட்டில்காரியிடம்கூடச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கியது.

"அப்போ இந்தச் சனியன் மட்டும் எப்படிக்கா உள்ள நுழைஞ்சுது?"

பெரியவள் போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

நோய் நுரையீரலுக்கும் பரவியது. மழைக்காலம் முடிவதற்குள் சின்னவள் போய்விட்டாள். அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் அம்மா கேட்டாள்:

"முழுசாக்கூட அனுப்பலையேடி அவளை. உன்கிட்ட ஏதாவது மிச்சம் இருக்கா? அவ பக்கத்துல வெச்சுட்டு வந்துடறேன்."

"ஒரு துண்டு இருக்கும்மா. அதையும் அளந்து முடிச்சிடறேன். அதுக்குத்தானே குடுத்தா."

"கல்நெஞ்சுக்காரிடி நீ."

அதன்பிறகு அம்மா அவளிடம் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பெரியவள் வேலைக்குப் போய்வந்தாள்.

கடைசித் துண்டும் அளந்தாயிற்று. அதிலும் அயனிகள் அப்படித்தான், முக்கி முனகிக் கடந்தன. தலைவரிடம் அனுமதி வாங்கி, துண்டைக் கழுவித் துடைத்து, சிறு டப்பாவில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அம்மா டப்பாவைத் திறந்தாள். உள்ளங்கையில் அது இருப்பதே தெரியவில்லை.

"இவ்வளவுதானாடி?"

"இவ்வளவுதாம்மா."

அம்மா மெல்ல விரல்களை மூடிக்கொண்டாள்.