குட்டைக்கால் நாற்காலி

வீடியோவில் ஒரு குறையும் இல்லை. அதுதான் பூதக்கண்ணாடிக்கு உறுத்தியது.

பூதக்கண்ணாடி என்பது கோர்ட் வராந்தாவில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். கிரிமினல் வக்கீல். சொந்தக் கட்சிக்காரனையே முதலில் சந்தேகப்படுவாள். அப்புறம்தான் போலீஸ் பக்கம் திரும்புவாள்.

இந்த முறை கட்சிக்காரன் ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். அட்டைப்பெட்டி கோடவுனில் வேலை. முதலாளியோடு வாய்த்தகராறு, வேலை போனது, அடுத்த வாரமே கோடவுன் எரிந்தது. முகமெல்லாம் தீக்காயத்தோடு காவலாளி ஆஸ்பத்திரியில் கிடந்தான். பார்த்தவர் யாருமில்லை. இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்து, "நான்தான் வெச்சேன்" என்று ஓட்டுநர் தன் வாயால் சொல்லும் வீடியோதான் மொத்த வழக்கும். அது கோர்ட்டில் நின்றால், தலை நரைக்கும்வரை அவன் உள்ளேதான்.

அதை உடைக்க அவளிடம் இருந்தது மேல் கோர்ட் சமீபத்தில் தந்த தீர்ப்பு. வீடியோவில் பதிந்தால் போலீஸிடம் சொன்னதும் சாட்சியாகும், ஆனால் முதல் கேள்வியிலிருந்தே கேமரா ஓட வேண்டும். வக்கீல் வேண்டும் என்று ஆள் கேட்டால் அங்கேயே கேள்வியை நிறுத்த வேண்டும். தவறினால் வாக்குமூலம் செல்லாது.

போலீஸும் அதைப் படித்திருந்தது. வீடியோவில் கதவு திறக்கிறது, ஓட்டுநர் உள்ளே வருகிறான், உட்காருகிறான், இன்ஸ்பெக்டர் அவனுடைய உரிமைகளை நிறுத்தி நிதானமாக வாசிக்கிறார். வக்கீல் வேணுமா? வேணாம் சார். கல்யாண வீடியோ தோற்றது.

ஜெயிலில் ஓட்டுநர் வேறு கதை சொன்னான். கேமராவைப் போடாமல் அதே அறையில் பொழுது சாயும்வரை வைத்துக் குடைந்தார்களாம். வக்கீல், வக்கீல் என்று கேட்டு வாய் வலித்ததாம். கடைசியில் ஒத்திகை பார்த்து, வெளியே கூட்டிப்போய், புதிதாக வருவதுபோல வரச் சொன்னார்களாம். சொல்லும்போது அவன் பார்வை அவள்மேல் நிற்கவில்லை.

"அதுக்கு முன்னாடி எப்பவாவது அந்த ஸ்டேஷனுக்குப் போயிருக்கீங்களா தம்பி?"

"இல்லக்கா" என்றான், இழுத்து.

வெளியே காத்திருந்த அவனுடைய அக்காவிடமும் அதையே கேட்டாள். இல்லவே இல்லை என்றாள் அக்கா. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"அவன் பொய் சொன்னா காது செவந்துடும் மேடம். வளத்தவ நான், எனக்குத் தெரியாதா?"

காதைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று பூதக்கண்ணாடி தன்னையே நொந்துகொண்டாள்.

கோர்ட் அனுமதி வாங்கி, விசாரணை அறையைப் பார்க்கப் போனாள். மேசை, மூலையில் கேமரா, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். ஓட்டுநர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அவளை அப்படியே வலப்பக்கம் கவிழ்த்தது. மேசை விளிம்பைப் பிடித்ததால் மானம் தப்பியது. கூட வந்த காவலர் சிரிப்பை மறைக்கச் சுவரைப் பார்த்தார்.

குனிந்து பார்த்தாள். நாற்காலியின் முன்பக்க வலது கால் ஒரு கட்டைவிரல் அளவு குட்டை. உடைந்ததல்ல, ரம்பத்தால் நறுக்கியது. உட்காருகிறவன் ஒரு நொடிகூட நிம்மதியாக உட்காரக்கூடாது. விழாமல் இருப்பதிலேயே பாதி புத்தி போய்விட வேண்டும்.

ஆபீசுக்கு வந்து வீடியோவை மறுபடி ஓட்டினாள். ஓட்டுநர் உள்ளே வருகிறான். நாற்காலியைப் பார்க்கக்கூட இல்லை. இடது தொடையில் பாரத்தைப் போட்டு, பின்னால் சாய்ந்து, அலுங்காமல் உட்காருகிறான். பழகியவன் உட்காரும் விதம் அது.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. நாற்காலியின் காலை வாக்குமூலத்துக்கு அப்புறம் நறுக்கியிருந்தால்? வாக்குமூலம் முடிந்ததும் எல்லாரும் நிறுத்திவிடும் அந்த வீடியோவை அவள் கடைசிவரை ஓடவிட்டாள். ஓட்டுநரைக் கூட்டிப்போகிறார்கள். காகிதங்களை அடுக்க வந்த புதுக் காவலர் அதே நாற்காலியில் உட்கார்ந்து சாய்கிறார். கேமராவை மறந்து இன்ஸ்பெக்டர் சிரிக்கிறார். "பழகாதவன் உக்காந்தா இப்படித்தான்யா."

பாக்கி ஒன்றே ஒன்று. வேறு ஏதோ புகாருக்காக அவன் முன்பே அந்த அறைக்கு வந்திருந்தால் எல்லாம் அம்போ. அதை அக்காவும் தம்பியும் சொல்லிப் பயனில்லை. இன்ஸ்பெக்டர் வாயிலிருந்து வர வேண்டும்.

கோர்ட்டில் சுற்றி வளைத்துத்தான் கேட்டாள். கேமரா இல்லாமல் விசாரித்ததை ஒத்துக்கொள்ள வைக்கப் பார்க்கிறாள் என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார். அந்தப் பேச்சுக்கே கதவை இறுக்கிச் சாத்தினார்.

"அதுக்கு முன்னாடி அந்த அறையில அவன் கால்கூட பட்டதில்ல மேடம். வீடியோல வர்றதுதான் முதல் தடவை."

நீதிபதியின் உத்தரவில் கொண்டுவந்திருந்த நாற்காலியை நடுவில் வைத்தார்கள். அம்மணி ஃபர்னிச்சர் கடை திறக்கப் போகிறார்களா என்று அரசு வக்கீல் கேட்டார். உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். உட்கார்ந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தரையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பிறகு வீடியோவின் தலையையும் வாலையும் போட்டுக் காட்டினாள்.

நீதிபதி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பழகியவன் மட்டுமே உட்காரக்கூடிய இடத்தில் முதல் தடவை வந்தவன் எப்படி உட்கார்ந்தான் என்று கேட்டார். பிறகு உத்தரவைச் சொன்னார். வாக்குமூலம் செல்லாது, ஓட்டுநருக்கு ஜாமீன்.

படிக்கட்டில் இன்ஸ்பெக்டர் வழிமறித்தார்.

"செஞ்சது அவன்தான்னு உங்களுக்கே தெரியும் மேடம்."

"தெரியாது. உங்களுக்கும் தெரியாது சார். கண்டுபிடிக்கிற வேலையைத்தான் நாற்காலிகிட்ட விட்டுட்டீங்களே."

சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். கல் பெஞ்சில் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தான். ஆடாத, அசையாத பெஞ்ச். அதிலும் இடது தொடையில் பாரத்தைப் போட்டு, சாய்ந்து, எந்த நேரமும் கவிழப்போகிறவன்போல. அந்த அறையைப் பற்றி அவன் சொன்னது நிஜம்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இப்பவாவது என் தம்பிய நம்புறீங்களா மேடம்?"

"கோடவுனுக்குத் தீ வெச்சது நீங்களா தம்பி?" என்றாள் பூதக்கண்ணாடி. இத்தனை நாளில் அதை அவள் கேட்டதே இல்லை.

"இல்லக்கா."

அவள் அவன் காதைப் பார்த்தாள். ஜெயிலில் வெட்டாமல் விட்ட முடி காதை முழுக்க மூடியிருந்தது.