போனைத் தொடக்கூடாத மதியம்

1

இந்தக் கதை பிறந்தது அக்காவிடம் வாங்கிய திட்டில். அக்கா மின் கட்டுப்பாட்டு அறையில் பொறியாளர். "உன் வேலைய வச்சு ஒரு கதை எழுதப்போறேன்" என்று வாயை விட்டேன்.

"எழுது. ஆனா அதுல ஒண்ணும் நடக்கக்கூடாது. ஒண்ணும் நடக்காம பாத்துக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்."

ஏதாவது நடந்தால்தான் எனக்குச் சம்பளம். [எழுத்தாளனுக்குச் சம்பளமா? இந்த வரியை அப்புறம் எடுத்துவிட வேண்டும்.]

2

முதல் தொடக்கம்: "நகரமே இருளில் மூழ்கியது." அடித்துவிட்டேன். இருண்டால் அக்கா தோற்றாள் என்று அர்த்தம். முதல் வரியிலேயே கூடப்பிறந்தவளைக் கவிழ்ப்பது நன்றாக இல்லை.

இரண்டாவது: "அவள் மகள் லிஃப்டில் ஏறிய அதே நொடியில்"

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "அவள எதுக்குடா லிஃப்ட்ல ஏத்துற? நாங்க இருக்கிறதே முதல் மாடி!" மகளை இறக்கிவிட்டேன். இனி இந்தக் கதைக்குள் வரமாட்டாள்.

மூன்றாவது: "சுவரில் ஒரு பெரிய எண் இருந்தது." இது இருக்கட்டும்.

3

அந்த எண் ஐம்பது. மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்ற கணக்கு. அது ஐம்பதிலேயே நிற்க வேண்டும்.*

* தொட்டிக்குள் விழும் தண்ணீரும் குழாயில் போகும் தண்ணீரும் சமமாக இருந்தால் மட்டம் அசையாது, இல்லையா? அதேதான். வரத்து குறைந்தால் எண் இறங்கும், கூடினால் ஏறும். ரொம்ப இறங்கினால் தெருத்தெருவாக மின்சாரம் தானாகவே வெட்டப்படும்.

அனல் நிலையத்தின் கனத்த இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தால் எண் சட்டென்று விழாது. அந்தக் கனமே தாங்கிப் பிடிக்கும். காற்றாலை மின்சாரத்தில் அந்தத் தாங்கல் கிடையாது. அதனால் காற்று அள்ளி வீசுகிற நாளிலும் பாதிக் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, கனத்துக்காகவே நிலக்கரியை எரிக்கிறார்கள். அக்காவுக்கு இதில் தீராத வயிற்றெரிச்சல். எண் சரிந்த கணமே தானாக மின்சாரத்தை உள்ளே தள்ளுகிற பெரிய பேட்டரிகளை வைக்கலாம் என்று வருடக்கணக்கில் முட்டி மோதி, கடைசியில் வைக்கவும் வைத்தாள்.

பிறகு ஒரு சோதனை. அனல் இயந்திரங்களுக்கு ஓய்வு; பெரும்பகுதி காற்று. அந்த நிலையில் ஒரு பெரிய மின்நிலையத்தை வேண்டுமென்றே துண்டித்துப் பார்ப்பது. துண்டித்தார்கள். எண் சரிந்தது. பேட்டரி கப்பென்று பிடித்தது.

பிடித்த பிறகுதான் கெட்டது காரியம். அக்காவின் பக்கத்து நாற்காலிக்காரர் பழக்க தோஷத்தில் போனை எடுத்து, நீர்மின் நிலையத்தைக் கூப்பிட்டு, "ஏத்துங்க, ஏத்துங்க!" என்றுவிட்டார். பேட்டரியும் தள்ள, தண்ணீரும் தள்ள, எண் ஐம்பதைத் தாண்டி எகிறியது. எகிறியதும் காற்றாலைகள் தற்காப்புக்காகக் கழன்றுகொண்டன. எண் குப்புற விழுந்தது. அன்று மதியம் பாதி ஊரில் மின்சாரம் இல்லை.

இன்னொரு முறை இப்படி ஆனால் பேட்டரித் திட்டத்தை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

4

பக்கத்து நாற்காலிக்காரரின் பட்டப்பெயர் ஐம்பது. எப்படி இருக்கீங்க என்று கேட்டால் "ஐம்பது" என்பார். அவரை வில்லனாக்கிப் பார்த்தேன், வசதியாக இருந்தது. அக்கா விடவில்லை.

"இவ்வளவு வருஷமா அந்தக் கைதான்டா ஊரக் காப்பாத்தியிருக்கு. இப்போ அதப் போய் சும்மா இருன்னா, பாவம், அது என்ன பண்ணும்?"

"அப்ப அவர வெளிய உக்காரவச்சிட்டு சோதனைய நடத்து."

"நடத்தி ஜெயிக்கலாம். மறுநாள் அந்த நாற்காலில யாரு உக்காருவா? நீயா?"

எனக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது.

5

அடுத்த சோதனைக்கு நான் யோசித்து வைத்த முடிவுகள்.

(அ) ஐம்பது போனை எடுத்துவிடுகிறார். எழுதுவது சுலபம், விமர்சகர்களுக்கும் பிடிக்கும். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசமாட்டாள்.

(ஆ) பேட்டரி பிடிக்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். இதற்கும் திட்டு விழுந்தது. "கைதட்டுறதா? பக்கத்து ரூம்காரனுக்குக்கூடத் தெரியக்கூடாது!"

(இ) ஒன்றும் நடக்கவில்லை. இதை எப்படி எழுதுவது என்று தெரிந்தால் நான் ஏன்

6

இரண்டாவது சோதனை இன்று மதியம். இந்தப் பக்கத்தை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே நடந்துகொண்டிருக்கிறது. ஐம்பதும் உள்ளேதான் இருக்கிறார். பயமாக இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது? நான் அங்கே இல்லை; தெரிந்ததை வைத்து எழுதுகிறேன்.

மின்நிலையத்தைத் துண்டித்தாயிற்று. 49.9. காற்றாலைகள் ஓடுகின்றன. 49.8. ஐம்பதின் கை மேசையை விட்டுக் கிளம்பிவிட்டது. அக்கா பார்க்கிறாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் கை நின்றுவிடும். சொல்லவில்லை. அது தானாக நின்றால்தான் நாளைக்கும் நிற்கும். 49.7. அவர் அக்காவைப் பார்த்து,

"புடிச்சிடும்ல?" என்கிறார்.

"புடிச்சிடும் சார்."

அவருடைய கை

[இதை முடிக்க என் விரல்கள் துறுதுறுக்கின்றன. இருட்டாகவும் முடிக்கலாம், வெளிச்சமாகவும் முடிக்கலாம். எப்படி முடித்தாலும் நானும் குறுக்கே போய்ப் போனை எடுத்தவனாகிவிடுவேன். பேனாவை மூடி வைக்கிறேன். எண் இன்னும் கொஞ்சம் இறங்கும். இறங்கட்டும், பதறாதீர்கள். பிடித்துக்கொள்ளும் என்று என் அக்கா சொல்லியிருக்கிறாள், அவளை நான் நம்புகிறேன். அது ஏறி வரும்போது, அந்தக் கை எங்கே இருந்தது என்பதை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.]