பொடி கலக்காத தண்ணீர்

வீட்டை இவ்வளவு சுத்தமாக வைத்தது தப்பு என்று அவளுக்கு உறைத்தபோது, அதிகாரி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டது.

யாராவது வருகிறார்கள் என்றால் வீட்டை ஒதுங்கவைப்பது அவள் கைப்பழக்கம். கணவரின் கட்டிலருகே கிடந்த பெட்பான், சளி உறிஞ்சும் மெஷின், நான்குகால் ஊன்றுகோல், தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி டப்பா எல்லாவற்றையும் அலமாரிக்குள் திணித்துக் கதவைச் சாத்திவிட்டாள். இப்போது அந்தக் கூடத்தில் ஒரு நோயாளி இருப்பதாகச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

வந்தவரோ அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார். வீட்டில் நோயாளியைக் கவனிப்பவருக்குச் சம்பளத்தோடு அரைநாள் விடுப்பு உண்டு என்பது சட்டம். தேவை இன்னும் இருக்கிறதா என்று அரசு ஆள் அவ்வப்போது நேரில் வந்து பார்ப்பார். 'தானே செய்துகொள்கிறார்' என்று பதிந்துவிட்டால் விடுப்பு போச்சு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் அவள் மறுபடி முழுநாளும் போயாக வேண்டும். பகல் முழுக்க அவர் தனியாக, சமையலறைக் குழாயோடு.

அந்தக் குழாயை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். தொண்டைக்குக் கீழே இரண்டு வழிகள்: ஒன்று வயிற்றுக்கு, இன்னொன்று நுரையீரலுக்கு. விழுங்கும்போது ஒரு சின்ன மூடி மூச்சுவழியை அடைத்துக்கொள்ளும். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு அந்த மூடி கொஞ்சம் தாமதம். தண்ணீரோ அவசரக்குடுக்கை, மூடி அசைவதற்குள் உள்ளே பாய்ந்துவிடும். பொடி கலந்து கூழாக்கினால் மெல்ல இறங்கும், மூடிக்கும் நேரம் கிடைக்கும். "கதவு சாத்துறதுக்குள்ள கிளம்புற லிஃப்டு" என்று தன் தொண்டைக்கு அவரே பெயர் வைத்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா!

அவள் செய்துவிட்ட சவரமும் அவள் மாட்டிவிட்ட சட்டையுமாக, மெக்கானிக் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"சட்டை நீங்களே போட்டுப்பீங்களா சார்?"

"பின்னே? பக்கத்து வீட்டுக்காரனா வந்து மாட்டிவிடுவான்?"

"குளிக்கிறது?"

"மீன் மாதிரி!"

"என்னங்க..." என்றாள் அவள்.

"நீ சும்மா இரு. இவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம் மேடம். லிஃப்டுல ஏறினாலே கண்ணை மூடிக்குவா. மெக்கானிக் பொண்டாட்டி!"

அதிகாரி சிரித்துக்கொண்டே மடியிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டினார். ஒவ்வொரு தட்டும் அவள் நெஞ்சில் விழுந்தது.

பேச்சு ருசியில் கணவரின் நல்ல கை நீண்டது. அதிகாரிக்காக வைத்த டம்ளரை எடுத்தது. பொடி கலக்காத தண்ணீர்.

குடிக்கட்டும், என்றது அவள் மனசு. ஒரே ஒரு வாய். புரையேறட்டும், மேடம் கண்ணால் பார்க்கட்டும்.

நினைத்த மாத்திரத்தில் தன்னைக் கண்டே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. போன முறை வெறும் தண்ணீர் குடித்துப் புரையேறி அவர் உதடு நீலம் பாரித்தது கண்முன் வந்தது. பாய்ந்து டம்ளரைப் பிடுங்கினாள். தண்ணீர் அவர் சட்டையெல்லாம் கொட்டியது.

"பாத்தீங்களா மேடம்? தண்ணிகூடக் குடிக்கவிட மாட்டேங்கிறா!"

"ஏம்மா பிடுங்கினீங்க?"

அவள் போய் அலமாரியைத் திறந்தாள். ஊன்றுகோல் சரிந்தது. பின்னாலேயே பெட்பான் தடாலென்று விழுந்து, வழுக்கிக்கொண்டே அதிகாரியின் காலடிவரை போய் நின்றது.

கணவரின் முகத்தில் ரத்தம் சுண்டியது. "கெடுத்துட்டியேடி. இனி என்னை நோயாளிங்க விடுதிக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"விடுதியா? யாருங்க சொன்னது?" என்றாள் அவள்.

"மாடி வீட்டுக்காரர். முடியலைன்னு பதிஞ்சிட்டா வண்டி வந்துரும்னாரே..."

ஒரே வீட்டில், ஒரே அதிகாரியை நினைத்து, இருவரும் நேரெதிர்ப் பயத்தில் தூங்காமல் கிடந்திருக்கிறார்கள்.

அதிகாரி பெட்பானை ஓரமாக நகர்த்தி வைத்தார். "சார், உங்களை இங்கேயே வச்சிக்கத்தான் இந்தச் சட்டமே. எல்லாம் முடியும்னு நீங்க சொன்னா, உங்களையில்ல, இவங்களைத்தான் தூக்கிட்டுப் போவேன். முழுநாளும் கடைக்கு. அப்போ தாகம் எடுத்தா என்ன பண்ணுவீங்க?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"பயமா இருக்கு மேடம்" என்றார் மெதுவாக. பிறகு மனைவியிடம், "பொடியைப் போட்டுக் கொண்டா. அவங்க பாக்கட்டும்."

அவசரத்தில் பொடி கட்டிகட்டியாகத் திரண்டது, நசுக்கிக் கலக்கினாள். அவர் முகவாயை நெஞ்சோடு தாழ்த்தி, ஒரு வாய் வாங்கி விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கும்வரை அவள் மூச்சுவிடவில்லை. அதிகாரியும் விடவில்லை.

"அரைநாள் தொடரும்மா" என்றார் அதிகாரி. "அடுத்த தடவை வர்றப்போ வீட்டை ஒதுங்க வச்சிடாதீங்க."