நாலு துவர்த்து

ஐந்து வயது முடிந்தும் வைகாவுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது. பள்ளிக்கூட வாசலில் டீச்சர்தான் குனிந்து கட்டிவிட வேண்டும். பாவாடை நாடாவைக் கண்டமேனிக்கு முடிச்சுப் போட்டுவிட்டு, அவிழ்க்கத் தெரியாமல் ஊரைக் கூட்டுவாள். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் தலையில் தானே தலைப்பாகை கட்டிக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அம்மா சபிதா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டாள்.

சும்மா சுற்றிவைத்த கட்டு இல்லை அது. அப்பா ரதீஷ் தலை துவட்டுகிற வெள்ளைத் துவர்த்தை நீளவாக்கில் மடித்து, பின்மண்டையில் கொடுத்து, நெற்றிக்கு மேலே முறுக்கி, நுனியைச் செருகியிருந்தாள். ஞாயிறுதோறும் அவன் கண்ணாடி முன்னால் நின்று கட்டும்போது கட்டில்மேல் ஏறி நின்று பார்த்துப் படித்த பாடம்.

“யாருட்டி கெட்டித் தந்தா?”

“நானாக்கும்!” முன்பல் விழுந்த ஓட்டை வழியாகக் காற்றுப் போயிற்று. அந்தப் பல்லைக் கூரைமேல் வீசியது போன வாரம்தான்.

சபிதாவுக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளை முதல் அடி வைத்தபோதுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. துருவிய தேங்காயில் ஒரு பிடி அள்ளி மகள் வாயில் போட்டாள்.

மூன்றாம் வகுப்புக்காரி ஆதிராவுக்குத் தங்கையின் பெருமை பொறுக்கவில்லை. “பொட்டப்பிள்ளைவ தலப்பா கெட்ட மாட்டாவ. ஒனக்கு ஒரு வெவரமும் இல்ல,” என்றாள். சொல்லிவிட்டு அந்தக் கட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதைச் சபிதா கவனித்தாள்.

இவர்கள் அய்யாவழிக் குடும்பம். கொட்டாரம் ஊருக்கு அந்தப் பக்கம் வயலை ஒட்டியிருக்கும் வழிபாட்டு இடமான நிழல்தாங்கலுக்கு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு என்கிற நடுப்பகல் வேண்டுதலுக்குப் போவார்கள். உள்ளே சிலை கிடையாது, கண்ணாடிதான். அதில் தெரிகிற உன் முகத்தில் இறைவனைப் பார் என்பது கணக்கு. ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போவார்கள். பெண்கள் கட்டக்கூடாது என்று யாரும் சொல்லிச் சபிதா கேட்டதில்லை. கட்டுவதில்லை, அவ்வளவுதான்.

“அங்க போன ஒடனே எடுத்துருவா,” என்றான் ரதீஷ், பைக்கை வெளியே தள்ளிக்கொண்டே.

“எடுக்கலன்னா?” என்று கேட்டாள் சபிதா.

அவன் பைக்கை உதைத்தான். பதில் இல்லாத நேரத்தில் பைக் அவனுக்கு நல்ல துணை.

தாங்கல் வாசலில் பொன்னுலிங்கம் நின்றிருந்தார். ரதீஷின் பெரியப்பா, தாங்கலைப் பார்த்துக்கொள்பவர். நல்ல மனிதர்தான். இந்தப் பிள்ளைகளைக் கண்டால் மடியிலிருந்து மிட்டாய் எடுக்காமல் இருக்க மாட்டார். நல்லவர்களோடு சண்டை போடுவதுதான் பெரிய பாடு.

“இது என்ன கோலம் மக்கா?” என்று வைகாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ரதீஷிடம் குரலைத் தாழ்த்தினார். “வெளையாட்டு வீட்டுல. இங்க அத அவுத்து எடு.”

ரதீஷின் கை மகளின் தலைக்குப் போயிற்று. வைகா இரண்டு கைகளாலும் துவர்த்தைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. இன்றைக்கு இதை அவிழ்த்தால், அப்பாவின் தலையைவிடத் தன் தலை ஒரு படி குறைவு என்று இந்தப் பிள்ளை படித்துவிடும் என்று சபிதா நினைத்தாள். லேஸ் கட்டப் பத்து தடவை சொல்லித்தரலாம். இந்தப் பாடத்தை மறக்கடிக்க யாராலும் ஆகாது.

“கைய எடுங்க,” என்றாள் புருஷனிடம். பொன்னுலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். “ஏன் மாமா எடுக்கணும்?”

“வழக்கம் இல்ல மக்கா.”

“திருநாளுக்குத் திருநாள் நீங்க ஒரு கத சொல்லுவியளே. ஒரு காலத்துல நம்ம ஆளுவ தலையில துணி கெட்டப்படாது, பெரிய சாதிக்காரன் முன்னால துவர்த்தக் கக்கத்துல இடுக்கணும், அதான் வழக்கம்னு. அய்யா வந்துதான் நிமுந்து நின்னு தலப்பா கெட்டச் சொன்னாருன்னு சொல்லும்போ நானும் கூட இருந்து அழுதிருக்கேன். அன்னைக்கு வழக்கத்தக் கேட்டிருந்தா இன்னைக்கு ஒங்க தலையில என்ன மாமா இருக்கும்?”

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். பொன்னுலிங்கத்தின் முகம் கறுத்தது. “அதும் இதும் ஒண்ணா? ரதீஷே, படிப்பு தொடங்கணும். அவுத்து எடு.”

“அவ தலையில உள்ளத எடுக்கணும்னா மொதல்ல ஒங்க தலையில உள்ளத எடுங்க,” என்றாள் சபிதா ரதீஷிடம். “அப்பனுக்கும் மவளுக்கும் ஒரே நியாயம்.”

ரதீஷ் பெரியப்பாவைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். கடைசியில் தன் தலைப்பாகையை அவிழ்த்தான். பொன்னுலிங்கம் அப்பாடா என்று மூச்சு விட்டார். பாவம், அவசரப்பட்டுவிட்டார். ரதீஷ் முட்டிபோட்டு உட்கார்ந்து, அந்தத் துவர்த்தை உதறி, ஆதிராவின் தலையில் சுற்ற ஆரம்பித்தான்.

“ஒனக்கும் ஆசதானே மக்ளே?”

காலையில் வெவரம் பேசிய ஆதிரா ஆடாமல் அசையாமல் நின்றாள், கட்டு கலைந்துவிடுமோ என்ற பயத்தில்.

“நான் இன்னைக்கு வெளிய நிக்கேன் பெரியப்பா,” என்றான் ரதீஷ், வெறுந்தலையோடு எழுந்து. “எனக்குப் பதிலா இவளுவ போவட்டு.”

சபிதாவுக்கு அந்த இடத்திலேயே அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. கலியாணம் ஆன நாளிலிருந்து இவனிடம் எதிர்பார்த்த ஒன்று, இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

மறிப்பதற்காகப் பொன்னுலிங்கம் கையை நீட்டினார். எப்போதும் மிட்டாய் தருகிற கை. வைகாவுக்கு அது மறிக்கிற கை என்று எப்படித் தெரியும்? விரல்களைப் பிடித்துக்கொண்டு, “வாங்க தாத்தா,” என்று அவரையே உள்ளே இழுத்துப்போனாள். இத்தனை பேர் பார்க்க ஒரு சின்னப் பிள்ளையின் கையை உதற அந்த மனிதருக்கு மனசு வரவில்லை.

கண்ணாடியில் இரண்டு தலைப்பாகைகள் தெரிந்தன. ஒன்று நெற்றிக்கு இறங்கிக் கிடந்தது, ஒன்று ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வைகா ஓட்டைப் பல்லைக் காட்டிக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். சபிதா பின்னால் நின்று பார்த்தாள். பிள்ளைகளின் தலைக்கு மேலே அவளுடைய முகமும் அதில் இருந்தது.

படிப்பு முடிந்து நாமம் இடும்போது வைகாவின் நெற்றியில் இடமில்லை. பொன்னுலிங்கம் துவர்த்தை விரலால் மேலே ஏற்றித்தான் இட வேண்டியிருந்தது. “இது இத்தோட முடியல்ல. அடுத்த ஞாயிறு பேசணும்,” என்றார் சபிதாவிடம்.

“பேசுவோம் மாமா. நாங்க வராம எங்க போவோம்?”

வெளியே உச்சிவெயிலில் ரதீஷின் தலை காய்ந்து கிடந்தது. பிள்ளைகளை முன்னால் ஏற்றிக்கொண்டு அவன் பைக்கை எடுத்தான். கொஞ்ச தூரம் போனதும் சபிதா பின்னாலிருந்து சொன்னாள்.

“கொட்டாரத்துல நிறுத்துங்க. துவர்த்து வாங்கணும்.”

“ரெண்டு போதும்லா?”

“நாலு. எல்லாம் புதுசா இருக்கட்டு.”

“எனக்கும் இதுவளுக்கும் மூணுதானே?”

“எனக்கும் தல இருக்குல்லா.”

ரதீஷ் கடை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“ஒனக்குக் கர வச்சதா, வைக்காததா?”